60,000 ரூபாய் இருந்தால் பாட்டுக்கு எதை மாற்றுவது: கேபிளா, டேக்கா, ஆம்பா, அறையா?

“மாமா, கடையில் இதைக் கொடுத்தார்கள், பார்த்துச் சொல்லுங்கள்” என்று என் மைத்துனர் போன மாதம் ஒரு படம் அனுப்பினார். துண்டுத்தாளில் எழுதிய விலைப்பட்டியல். ஸ்பீக்கர் கேபிள் ஒரு ஜோடி 24,000 ரூபாய். ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) பவர் கார்டு 16,000. ஃபியூஸ் 8,000. லேன் கேபிள் 12,000. கூட்டினால் 60,000. போனஸில் அவர் பாட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த தொகையும் அதேதான்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அறிவியல் காரணமும் எழுதியிருந்தது. கேபிளுக்கு ஸ்கின் எஃபெக்ட். பவர் கார்டுக்கு மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்த செம்பு. ஃபியூஸுக்கு குவாண்டம். லேன் கேபிளுக்கு ஜிட்டர், அதாவது டிஜிட்டல் எண்கள் வெளியே போகும் நேரத்தில் வரும் தடுமாற்றம். மைத்துனர் பொறியியல் படித்தவர். இந்தச் சொற்களில் பாதியைப் பாடப்புத்தகத்தில் பார்த்தவர். அதனாலேயே அவருக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. பொய்யான சொல்லாக இருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார். சொல் உண்மையானது, அதிலிருந்து கடைக்காரர் எடுக்கும் முடிவுதான் நிரூபிக்கப்படாதது. இந்த இடத்தில்தான் படித்தவர்களும் மாட்டுகிறார்கள்.

அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இருக்கிறது. 50 வாட் ஆம்ப், அதற்குள்ளேயே ஒரு டேக் (டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் பகுதி). போனிலிருந்து ஸ்ட்ரீமிங். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. நம் ஊரில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில் பாதி அறைகள் இப்படித்தான். அவருக்கு நான் எழுதிய பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன். கையில் ஒரு தொகையும் மனதில் ஆசையும் வைத்துக்கொண்டு இதே இடத்தில் நிற்பவர்கள் நிறைய பேர்.

என் அளவுகோல் இரண்டே கேள்விகள். இந்தப் பொருளை மாற்றினால் காதுக்கு வந்து சேரும் ஒலி எத்தனை டெசிபல் மாறும்? எது ஓடுகிறது என்று தெரியாத நிலையில் யாராவது அதை அடையாளம் கண்டிருக்கிறார்களா? இரண்டாவது கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

ஏழு வருடங்களுக்கு முன்னால் நானே 18,000 ரூபாய்க்கு ஒரு பவர் கார்டு வாங்கினேன். போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது. தம்பூராவின் ஒலி அறை முழுக்கப் பரவியது, பாடகர் மூச்சு வாங்குவது தனியாகக் கேட்டது. மூன்று வாரம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். பிறகு ஒரு நாள் ஆம்பின் பின்பக்கம் தூசி துடைக்கப் போனபோது, அங்கே கம்ப்யூட்டருக்கு வரும் சாதாரணக் கறுப்பு வயர் இருந்தது. வீட்டுக்கு பெயின்ட் அடித்தபோது எல்லாவற்றையும் கழற்றிய என் மனைவி, திரும்ப மாட்டும்போது கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கிறார். அது நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் தம்பூரா எனக்கு அறை முழுக்கத்தான் கேட்டது.

என் காது அன்று பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே அப்படித்தான் கேட்டது. கேட்பது என்பது காதில் முடிகிற வேலை கிடையாது. கண் பார்த்தது, கை கொடுத்த விலை, மனம் எதிர்பார்த்தது எல்லாம் மூளையில் சேர்ந்துதான் ‘கேட்ட ஒலி’ ஆகிறது. இது எல்லா மனிதருக்கும் உள்ளது. பயிற்சி பெற்றவர்களும் இதற்கு விலக்கில்லை. அதற்கு ஒரு நல்ல சோதனையே உண்டு, பின்னால் வருகிறேன்.

முதல் வழி: வயர்கள்

ஸ்பீக்கர் கேபிளில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டு வயரிங்குக்கு எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அதன் மின்தடை சுமார் 8 ஓம். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர், அதாவது 0.08 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலி 0.09 டெசிபல்.

ஸ்பீக்கரின் மின்தடை எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி இருக்காதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு ஸ்பீக்கர் சில இடங்களில் 4 ஓமுக்கு இறங்கி, சில இடங்களில் 20 ஓமுக்கு ஏறுகிறது என்று வையுங்கள். இந்த வயரில் அந்த இரண்டு இடங்களுக்கும் வரும் வித்தியாசம் சுமார் 0.14 டெசிபல். அதுவே 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயராக இருந்தால் வித்தியாசம் 0.6 டெசிபலைத் தாண்டும், கவனமாகக் கேட்பவருக்கு அது பிடிபடவும் கூடும். ஆக, கேபிளில் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். மெல்லிய வயர் வேண்டாம், தடித்த வயர் போடுங்கள். அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். அந்த எல்லைக்குப் பிறகு கொடுக்கும் ஆயிரங்களுக்குக் காதில் எதுவும் வந்து சேருவதில்லை.

அடுத்து ஸ்கின் எஃபெக்ட். அதிர்வெண் கூடக்கூட மின்சாரம் கம்பியின் மேல்தோலை ஒட்டியே ஓடும் என்பது உண்மையான இயற்பியல். செம்பில் 20 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். நம் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் ஆரம் 0.9 மில்லிமீட்டர். எனவே மனிதக் காதின் கடைசி எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில் மின்தடை 0.08 ஓமிலிருந்து 0.1 ஓம் வரை ஏறலாம். ஏறட்டும். ஒலியில் அது 0.02 டெசிபல். விளம்பரம் முதல் வரியைச் சொல்கிறது, கடைசி எண்ணைச் சொல்வதில்லை. ஓர் அறிவியல் விளைவின் பெயரை யாராவது சொன்னால், “எவ்வளவு?” என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு எண் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பவர் கார்டு விஷயம் இன்னும் எளிது. மின்சாரம் துணைமின் நிலையத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் அலுமினியக் கம்பியில் வருகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர் பெட்டி, சுவருக்குள் புதைத்த வயர் என்று எல்லாவற்றையும் கடந்து வருகிறது. ஆம்புக்குள் போனதும் அங்கே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் கெப்பாசிட்டர்களும் அதை நேர்மின்சாரமாக்கிய பிறகே பாட்டுக்கு வேலை. நடுவில் இருக்கும் கடைசி ஒன்றரை மீட்டரை உறைய வைத்த செம்பாக மாற்றினால் பாடகரின் குரல் மாறும் என்று சொல்பவர், எந்த வழியாக மாறும் என்று காட்ட வேண்டும். காட்டியவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

ஃபியூஸ் பற்றி ஒன்றே ஒன்று. அதன் மேல் அம்புக்குறி போட்டு, இந்தத் திசையில் மாட்டினால்தான் ஒலி நன்றாக இருக்கும் என்கிறார்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். ஒரு விநாடிக்கு 100 தடவை அது திசை மாறுகிறது. லேன் கேபிளோ எண்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோகிறது. ஒரு கட்டு வழியில் கெட்டால் சரிபார்ப்பில் தெரிந்துவிடும், இணையத்தில் பாட்டுக் கோப்பைக் கொண்டுவரும் முறையில் அதை மறுபடி கேட்டு வாங்கிவிடலாம். வந்ததெல்லாம் முதலில் நினைவகத்தில் சேர்கிறது. அங்கிருந்து எந்த நேரத்தில் எந்த எண் வெளியே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது டேக்குக்குள் இருக்கும் கடிகாரம், வயர் இல்லை.

கண்ணை மூடிக் கேட்ட சோதனை உண்டா என்றால், நடக்கவிருந்து நடக்காமல் போன ஒன்றைச் சொல்லலாம். 2007-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மாய வித்தைக் கலைஞர், 7,250 டாலர் விலையுள்ள, ‘பேர்’ (Pear) என்ற நிறுவனத்தின் ஸ்பீக்கர் கேபிளை நல்ல சாதாரண கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். பெயர்பெற்ற ஆடியோ விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர் முன்வந்தார். ஆனால் கேபிள் நிறுவனம் பின்வாங்கியது, சோதனை நடக்கவேயில்லை. தன் பொருளில் நம்பிக்கை உள்ள நிறுவனத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்குமா?

மின்சாரப் பக்கம் எதுவுமே செய்யவேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீடுகளில் எர்த் சரியாக இல்லாததால் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று ஒரு ஓசை வருவது நிஜம். மின்னலில் ஆம்ப் போவதும் நிஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போடுங்கள். ஓசை நின்றது காதுக்கே தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி: புது டேக், ஹை-ரெஸ் சந்தா

மைத்துனரின் நண்பர் ஒருவர் கேபிளை விட்டுவிட்டு ஒரு புது டேக்குக்கும், ஹை-ரெஸ் (சி.டி.யைவிட உயர்ந்த தரம் என்று விற்கும்) ஸ்ட்ரீமிங் சந்தாவுக்கும் போகச் சொன்னாராம். கேபிளைவிட இது மேலான யோசனை என்றாலும் முழுத் தொகைக்கும் தகுதியானது என்று எனக்குத் தோன்றவில்லை.

சி.டி. 1982-இல் வந்தது. விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். 22 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை அதில் முழுமையாகப் பிடித்துவைக்கலாம் என்பது கணிதம் நிரூபித்த விஷயம். மனிதக் காது இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாற்பது வயதுக்கு மேல் பலருக்கு 15, 16-இலேயே முடிந்துவிடும். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 16 பிட் தருவது சுமார் 96 டெசிபல். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் அதில் பாதியைப் பயன்படுத்துவதே கஷ்டம்.

விளம்பரங்களில் ஒரு படம் அடிக்கடி வரும். சி.டி.யின் அலை படிக்கட்டு மாதிரி, ஹை-ரெஸ் அலை வழவழப்பான கோடு மாதிரி. இந்தப் படம் தவறு. டேக்கிலிருந்து வெளியே வரும்போது படிக்கட்டு எதுவும் இருக்காது. ஓக் (Ogg) என்ற ஒலிக்கோப்பு வடிவத்தை உருவாக்கிய கிறிஸ் மான்ட்கோமரி 2013-இல் ஒரு வீடியோவில் பழைய அனலாக் ஆசிலாஸ்கோப்பை வைத்து இதைக் கண்முன் காட்டினார். வழவழப்பான சைன் அலைதான் திரையில் வந்தது.

சோதனை என்ன சொல்கிறது? 2007-இல் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்தர எஸ்.ஏ.சி.டி., டி.வி.டி. ஆடியோ வட்டுகளை ஓடவிட்டு, நடுவில் சி.டி. தரத்துக்கு இறக்கும் ஒரு கருவியைச் சேர்த்தும் எடுத்தும் கேட்கச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் இதே எண்தான் வந்திருக்கும். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் பல பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். 12,000-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் சராசரி 52.3 சதவீதம், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களிடம் அது சுமார் 62 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் “திரை விலகியது போல” என்று விளம்பரம் சொல்லும் மாற்றம் சராசரியாக நூற்றுக்கு இரண்டு தடவை மட்டும் கூடுதலாகப் பிடிபடுமா?

மேயரும் மோரனும் இன்னொன்றையும் கவனித்தார்கள். அந்த உயர்தர வட்டுகள் பல, சாதாரண சி.டி.க்களைவிட நன்றாகவே இருந்தன. காரணம் பிட்டும் மாதிரியும் இல்லை, கவனமாகச் செய்த மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் செப்பனிடும் கடைசி வேலை. எனக்கு மிகவும் பயன்பட்ட தகவல் இது. ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகள் வேறு மாதிரிக் கேட்டால் உங்கள் காதை நம்புங்கள், அவை உண்மையாகவே வேறாக இருக்கலாம். ஒன்றில் சத்தத்தை அமுக்கி ஏற்றியிருப்பார்கள், மற்றதில் அப்படியே விட்டிருப்பார்கள். நல்ல பதிப்பைத் தேடிப் பிடிப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நிரூபிக்காத ஒரு தொழில்நுட்பத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு எம்.க்யூ.ஏ. ஓர் உதாரணம். மெரிடியன் என்ற பிரிட்டிஷ் ஆடியோ நிறுவனத்திலிருந்து 2014-இல் வந்தது. உயர்தர ஒலியைச் சின்னக் கோப்பில் மடித்து வைக்கலாம், டிஜிட்டலில் வரும் ‘நேர மங்கலை’ நீக்கலாம், ஸ்டூடியோவில் கேட்டதே வீட்டுக்கு வருவதற்கு உத்தரவாதம் தரலாம் என்றார்கள். டைடல் என்ற ஸ்ட்ரீமிங் சேவை அதை எடுத்துக்கொண்டது. டேக் தயாரிப்பாளர்கள் உரிமக் கட்டணம் கொடுத்து, எம்.க்யூ.ஏ. ஓடுகிறது என்று காட்டும் விளக்கைத் தங்கள் பெட்டியில் எரியவிட்டார்கள், அந்தக் காசு வாங்குபவர் தலையில் விழுந்தது. உள்ளே போனது அப்படியே வெளியே வராத, தகவலை இழக்கும் முறை அது என்று பொறியாளர்கள் ஆரம்பம் முதல் சொல்லிவந்தார்கள். 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. 2024 ஜூலையில் டைடல் அதை எடுத்துவிட்டு யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஃப்ளாக் வடிவத்துக்கு மாறியது. அந்த விளக்கு எரிவதற்காகவே டேக் வாங்கியவர்கள் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை.

எல்.பி. ரெக்கார்டு பிரியர்கள் இதைப் படித்துவிட்டு “அதற்குத்தான் அனலாக்” என்று சொல்லக்கூடும். 2022 ஜூலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் மூல டேப்பிலிருந்து நேரடியாக வெட்டிய ரெக்கார்டுகள் என்ற பெயரில் புகழ்பெற்றிருந்தது, சில வரிசைகள் 125 டாலர். ஃபீனிக்ஸ் நகரத்து ரெக்கார்டு கடைக்காரர் ஒருவர் விசாரிக்கப் போனபோது, 2011-இலிருந்தே பல வெளியீடுகளில் நடுவில் ஒரு டிஜிட்டல் நகல் இருந்தது வெளியே வந்தது. வழக்கானது, நிறுவனம் 2.5 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. டிஜிட்டலை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிவந்த காதுகள் அந்தப் பதினோரு வருடமும் அந்த ரெக்கார்டுகளைத்தான் தலைசிறந்த அனலாக் என்று பாராட்டின. ரெக்கார்டுகள் நன்றாக இருந்தன என்பது உண்மை. அவை நன்றாக இருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் உண்மையில்லை.

மைத்துனருக்கு என் பதில்: ஆம்பில் இருக்கும் டேக்கே போதும். அதில் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் கேட்டால் மட்டும் ஐந்தாறாயிரத்தில் தனியாக ஒன்று வாங்கலாம். அந்த விலையிலேயே சி.டி.யின் எல்லையைத் தாண்டிய டேக்குகள் வந்துவிட்டன.

மூன்றாவது வழி: பெரிய ஆம்ப்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 ஜனவரியில் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வு ஆம்ப் வரை வைத்துக் கண்கட்டிச் சோதனை நடத்தியது. நம்பும்படி யாரும் பிரித்துச் சொல்லவில்லை. கார் ஆடியோ துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் கிளார்க், ஒலி அளவைச் சமமாக வைத்து, எந்த ஆம்பையும் திணறவிடாமல் கேட்டால் இரண்டைப் பிரிக்க முடியாது என்று 10,000 டாலர் பந்தயம் வைத்தார். பல வருடம் நடந்த அந்தப் பந்தயத்தில் யாரும் பணத்தை வாங்கவில்லை.

‘திணறவிடாமல்’ என்பது அதில் முக்கியமான சொல். வாட் பற்றாவிட்டால் எந்த ஆம்பும் கரகரக்கும். சில வால்வு ஆம்புகள் ஸ்பீக்கரோடு சேரும்போது ஒலியின் நிறத்தையே மாற்றும், அதை அளந்தும் காட்டலாம், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். ஆனால் 10 அடி அறையில் 50 வாட் திணறாது. 3 டெசிபல் கூட்ட வேண்டும் என்றால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 50 வாட்டிலிருந்து 80 வாட்டுக்குப் போவதில் கிடைப்பது 2 டெசிபல்தான்.

நான்காவது வழி: ஸ்பீக்கரும் அறையும்

என் மனம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. மேலே நாம் பேசியதெல்லாம் 0.02, 0.09, 2 என்ற அளவுகள். ஓர் அறையில் பேஸ் (கீழ் ஸ்தாயி) பகுதியில் 15 டெசிபல் மேடு பள்ளம் இருப்பது சாதாரணம்.

மைத்துனரின் அறையையே எடுத்துக்கொள்வோம். 12 அடி நீளம் 3.66 மீட்டர். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே முதலில் நின்று அதிரும் அலை 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடி என்பதால் அதே 56 இன்னொரு முறை வந்து முதலோடு சேர்ந்துகொள்கிறது. பேஸ் கிட்டாரின் இரண்டாவது தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அதனால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் அறையில் ‘கும்’ என்று எழும்பி, பக்கத்து ஸ்வரங்களை விழுங்கும். நீளத்துக்குச் சரியாக நடுவில் உட்கார்ந்தால் 47 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்டக் காணாமலே போகும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அதே ஸ்வரம் காதை அடைக்கும். நாற்காலியை இரண்டடி நகர்த்திக் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடினாலும் திறந்தாலும் வித்தியாசம் தெரியும். யாருடைய சான்றிதழும் வேண்டாம்.

ஸ்பீக்கர் விஷயத்தில் நமக்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து மக்களைக் கேட்க வைத்தார். கண்ணை எடுத்துவிட்டால் பெரும்பாலோர் ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களைத்தான் விரும்பினார்கள். நேரே வரும் ஒலி சமமாகவும், பக்கவாட்டில் போகும் ஒலி ஒழுங்காகவும் இருப்பவை. பிறகு ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் அதைத் தொடர்ந்தார். 70 ஸ்பீக்கர்களை வைத்து, அளவீட்டை மட்டும் பார்த்தே மக்கள் தரும் மதிப்பெண்ணை நெருங்கிச் சொல்லும் ஒரு கணக்கை 2004-இல் வெளியிட்டார். அளவுக்குச் சிக்காத மர்மம் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி அளவுக்குச் சிக்கிவிட்டது.

நான் முன்னால் சொன்ன சோதனையும் ஆலிவுடையதுதான், 1994. ஹார்மனில் வேலை செய்த 40 பேரிடம் நான்கு ஸ்பீக்கர்களைக் கொடுத்தார், ஒரு முறை பார்த்துக்கொண்டே, ஒரு முறை பார்க்காமல். பார்த்தபோது பெரிய, அழகான பெட்டிகள் மதிப்பெண்ணை அள்ளின, பிளாஸ்டிக்கில் செய்த சின்ன செட் கீழே போனது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. திரை இருந்தபோது இன்னொன்றும் நடந்தது. ஸ்பீக்கரை அறையில் வேறிடத்துக்கு மாற்றினால் மதிப்பெண் மாறியது. பார்த்துக்கொண்டு கேட்டபோது அந்த உண்மையான மாற்றத்தை அவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. கண் இல்லாத வித்தியாசத்தைச் சேர்த்ததோடு, இருக்கும் வித்தியாசத்தை மறைக்கவும் செய்தது. இவர்கள் அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள்.

இந்த வழியிலும் நிரூபிக்காத சரக்கு விற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டைத் தட்டு வடிவத்தில் ஒரு அங்குல ஃபோம் துண்டுகளை “பேஸைக் கட்டுப்படுத்தும்” என்று விற்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், ஒரு அங்குல ஃபோம் அதைத் தொடவே தொடாது. அது மேல் ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு அறையை மங்கலாக்கும், பேஸ் பழையபடி கும்மும். 4 அங்குலம் தடித்த ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகையை ஆசாரியிடம் சட்டம் அடித்து, காடாத் துணி போர்த்திச் செய்தால் நடுப்பகுதி எதிரொலி நன்றாக அடங்கும். எங்கள் வீட்டில் ஆறு பலகைக்கு 14,000 ரூபாய் ஆனது. அதுவும் 47 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. அந்த ஆழத்துக்கு இடமாற்றம், ஒரு சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்), அளந்து போடும் ஈக்வலைசர் இவைதான் வழி. அளப்பதற்கு யு.எஸ்.பி. மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளும் போதும். முன்னும் பின்னும் அளந்த கோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கேபிள் கடையில் அப்படி ஒரு கோட்டை எனக்கு யாரும் காட்டியதில்லை.

“கண்கட்டிச் சோதனையில் பதற்றம் வரும் மாமா, நிதானமாக மாதக்கணக்கில் கேட்டால்தான் தெரியும் என்கிறார்களே” என்று மைத்துனர் கேட்டார். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. பதற்றம் இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறொருவர் மாற்றட்டும், எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். ஒலி அளவு மட்டும் இரண்டுக்கும் மிக நெருக்கமாகச் சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலே அது ‘தெளிவு’ என்று நமக்குக் கேட்கும். கடையில் நடக்கும் டெமோக்களில் இதை யாரும் பார்ப்பதில்லை. 16 தடவையில் 12 தடவை சரியாகச் சொன்னால், குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர நூற்றுக்கு நான்கு தடவைதான் வாய்ப்பு. கோப்புகளை ஒப்பிட ஃபூபார் மென்பொருளில் இதற்கென்றே இலவச வசதி இருக்கிறது. 12 வந்தால் தாராளமாக வாங்குங்கள், நானே கூட வந்து பில் போடுகிறேன் என்றேன். நான் இதை மனதாரத்தான் சொன்னேன். ஒரு கேபிள் உண்மையிலேயே பாட்டை மாற்றுமானால் அதைத் தெரிந்துகொள்வதில் என்னைவிடச் சந்தோஷப்படுபவர் இருக்க முடியாது.

சந்தேகப்படுவதை இசை ரசிக்கத் தெரியாதவர்களின் குணம் என்று சிலர் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒருவர் ஒரு வருட உழைப்பில் மிச்சம் பிடித்த பணம் அது. நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. வாங்குபவர் காது சரியில்லை, சிஸ்டம் சரியில்லை என்று அந்தப் பொறுப்பை இவர் பக்கம் தள்ளுவது நியாயமில்லை.

கடைசியில் நாங்கள் போட்ட கணக்கு இது. தடித்த செம்பு வயருக்கு 800 ரூபாய். எர்த் பார்க்க எலக்ட்ரீஷியனுக்கு 1,500. ராக்வூல் பலகைகளுக்கு 15,000. சப்வூஃபருக்கு 25,000 வரை. மைக் வாங்க வேண்டாம், என்னுடையதைக் கொடுக்கிறேன். மீதி 17,700 அப்படியே இருக்கட்டும். அளந்து பார்த்த பிறகு ஸ்பீக்கரிலேயே குறை தெரிந்தால், அடுத்த போனஸோடு சேர்த்து ஸ்பீக்கரை மாற்றலாம்.

அதற்கும் முன்னால் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அவர் ஸ்பீக்கர் இரண்டும் இப்போது மூலையில், கட்டில் பின்சுவரை ஒட்டி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுத்து, கட்டிலையும் ஓரடி முன்னால் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். மதியம் மைக்கை எடுத்துக்கொண்டு போகிறேன்.